கி.மு. 580 என்று மட்டும் சொல்லாதீர்கள்: அகழாய்வை மக்களிடம் பேசும்போது நடக்கும் தவறுகள்

2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் கீழடி அகழாய்வு அறிக்கை வெளியானபோது டிவி, வாட்ஸ்அப், டீக்கடை என்று எங்கே பார்த்தாலும் ஒரே எண்தான்: கி.மு. 580. சனி ஞாயிறு ஆனால் வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாக அந்தத் தென்னந்தோப்புக்கு ஆட்கள் வந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த எண் எதிலிருந்து வந்தது என்று கேட்டிருந்தால் வந்தவர்களில் பலருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அது அவர்கள் குற்றம் இல்லை, சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. தொல்லியல், மானிடவியல் படித்தவர்கள், மரபு நடை கூட்டிப்போகிறவர்கள், அருங்காட்சியகத்தில் விளக்கம் சொல்கிறவர்கள், யூடியூபில் வரலாறு பேசுகிறவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

பெரிய தவறு இதுதான்: எண்ணைச் சொல்லிவிட்டு, காலம் கணிக்க மண்ணிலிருந்து எடுத்து அனுப்பிய மாதிரியைச் சொல்லாமல் விடுவது. கீழடியிலிருந்து ஆறு மாதிரிகள் அமெரிக்காவில் மியாமியிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. அவற்றில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒன்றுக்குக் கிடைத்த காலம்தான் கி.மு. 580. அது அந்த மாதிரியின் காலம். பானை ஓட்டின் காலமோ, ஓட்டில் கீறிய எழுத்தின் காலமோ நேரடியாக அல்ல. இரண்டும் ஒரே மண்ணடுக்கில் கிடந்திருந்தால், அந்த அடுக்கை எலி வளையோ தென்னை வேரோ பிற்காலத்தில் யாரோ வெட்டிய குழியோ கலைக்காமல் இருந்திருந்தால், ஓடும் ஏறக்குறைய அந்தக் காலத்தது என்று சொல்லலாம். மாதிரி மரக்கரியாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. கரி காட்டுவது மரம் வளர்ந்த காலத்தை, அடுப்பில் எரிந்த நாளை அல்ல. நூறு வயது மரத்தின் நடுக்கட்டையை எரித்திருந்தால் நூறு வருஷம் அங்கேயே கூடிவிடும்.

இதையெல்லாம் மக்களிடம் சொன்னால் குழம்புவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கரித்துண்டைக் கையால் தொடாமல் சின்னக் கரண்டியால் எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, குழி எண், அடுக்கு, ஆழம், தேதி எல்லாம் எழுதிய சீட்டோடு பையில் போடுவதை ஒரு நிமிடம் காட்டுங்கள். ஏன் தொடக்கூடாது, ஏன் ஆழத்தை எழுதுகிறார்கள் என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, கால வீச்சை மறைப்பது. ஆய்வகத்தில் அளப்பது, உயிர் போனபின் மெல்லக் குறைந்துகொண்டே வரும் கரிமம்-14இன் அளவை. அதை ஆண்டாக மாற்ற மரவளையங்களை வைத்துப் போட்ட ஒரு வளைகோடு இருக்கிறது, அந்தக் கோடு கி.மு. 800க்கும் 400க்கும் நடுவில் கிட்டத்தட்ட தட்டையாகக் கிடக்கிறது. அந்த நூற்றாண்டுகளைச் சேர்ந்த மாதிரி எதுவாக இருந்தாலும், உலகத்தில் எந்த ஊரில் எடுத்தாலும், விடை ஒற்றை ஆண்டாக வராது, சில நூறு ஆண்டு அகலத்தில்தான் வரும். ஆனால் நாம் 580 என்று அழுத்திச் சொல்லும்போது கேட்பவர் காதில் அது பிறந்தநாள் மாதிரி விழுகிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் என்று சொன்னால் யாரும் எழுந்து போய்விட மாட்டார்கள். தாது வருஷப் பஞ்சத்துக்கு முந்தியா பிந்தியா என்று வயதுக் கணக்குப் பார்த்த ஊர் இது, ஏறக்குறைய என்பது நமக்குப் புரியாத சங்கதி ஒன்றும் இல்லை.

“உலகிலேயே முதல்” என்ற ஆசை இன்னொரு பள்ளம். 2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாட்டு இரும்பின் காலம் பற்றிய அறிக்கையை அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் வெளியிட்டார், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கி.மு. 3345 வரை போகும் காலம் அதில் இருந்தது. மாதிரிகள் மியாமிக்கும், லக்னோ பீர்பால் சாஹ்னி நிறுவனத்துக்கும், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்துக்கும் போயிருந்தன. கரிமக் கணிப்போடு, மண்ணில் உள்ள மணல் துகள்கள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தன என்று கணக்கிடும் ஒளிர்வு முறையையும் பயன்படுத்தியிருந்தார்கள். எனக்கு இதில் ருசியான பகுதி அதுதான். ஆனால் சமூக வலைத்தளங்களில் ஓடியதெல்லாம் உலகுக்கு இரும்பு தந்தவன் தமிழன் என்பதுதான். எகிப்தில் கெர்சே என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 3200 வாக்கிலான மணிகளும் இரும்புதான், ஆனால் அது விண்கல்லிலிருந்து வந்த இரும்பு. தாதுவை உருக்கி எடுத்த இரும்பு வேறு கதை. இந்த வித்தியாசத்தைச் சொன்னால்தான் சிவகளை ஏன் முக்கியம் என்பதே விளங்கும். அப்புறம், இவ்வளவு பழைய காலத்தை இன்னும் பல இடங்களில் சரிபார்க்க வேண்டும், அந்தக் காலத்தில் இரும்பு உருக்கிய உலை கிடைத்தால் பேச்சு இன்னும் வலுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். நாளைக்கு வேறொரு நாட்டில் இதைவிடப் பழையது கிடைத்தால், ‘முதல்’ என்று மட்டும் கேட்டவர் ஏமாந்துபோவார், எப்படி என்று கேட்டவர் ஏமாற மாட்டார்.

டிஎன்ஏ வந்தபிறகு குழப்பம் கூடிவிட்டது. அரியானாவில் சிந்துவெளி நாகரிக ஊரான ராகிகடியில் 61 எலும்பு மாதிரிகளை முயன்று பார்த்து ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் பயன்படும் டிஎன்ஏ கிடைத்தது. 2019 செப்டம்பரில் வந்த கட்டுரை, ஆரியர் வருகையோடு பலர் சேர்த்துப் பேசும் மத்திய ஆசியப் புல்வெளி மேய்ச்சல்காரர்களின் மரபுக்கூறு அவரிடம் இல்லை என்றது. அதே சமயத்தில், அதே ஆய்வாளர்களில் பலர் சேர்ந்து எழுதிய இன்னொரு கட்டுரை, ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொல்மனிதர்களை வைத்து, அந்த மரபுக்கூறு கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் தெற்காசியாவுக்கு வந்தது என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, அந்தப் பெண் வாழ்ந்தது அதற்கு முன்பு. ஆனால் டெல்லி செய்தியாளர் சந்திப்பில் அழுத்திச் சொன்னது வேறு: ஆரியர் வருகை பொய். இங்கே நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை, அந்தப் பெண்ணைத் தமிழச்சி ஆக்கிவிட்டார்கள். எலும்பில் மொழி இல்லை. ஒருவரின் மரபணுவை வைத்து ஒரு நாகரிகத்துக்கே சாதிச் சான்றிதழ் எழுதக்கூடாது.

கீழடியை ஒட்டிய இடுகாடான கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகளுக்கு முகம் கொடுத்த கதையும் இதே ரகம். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய இரண்டு ஆண்களின் முகங்கள் 2025இல் வெளியாயின. கண்குழி, தாடை, தசை ஒட்டிய தடம் எல்லாம் எலும்பு சொல்வது. தோல் நிறமும் முடியும் எலும்பு சொல்லாது, அவை இன்றைய தென்னிந்தியரைப் பார்த்துப் போட்டவை. அப்படியே நம்ம தாத்தா என்று பார்த்தவர்கள் சிலிர்த்தார்கள். நம்மைப் பார்த்து வரைந்த பகுதி நம்மைப் போலத்தானே இருக்கும்? படத்தில் எது அளவு, எது ஊகம் என்று இரண்டு நிறத்தில் குறித்தாலே போதும்.

மானிடவியல் பக்கம் ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தமானில் வெளியாரை அண்டவிடாத சென்டினல் தீவினரைக் ‘கற்கால மனிதர்கள்’ என்று எழுதுவதை நிறுத்துங்கள். 1981இல் அங்கே தரைதட்டிய பிரிம்ரோஸ் கப்பலின் இரும்பைத் தட்டி அம்புமுனை செய்துகொண்டவர்கள் அவர்கள். நம் காலத்தில் வாழ்கிறவர்கள்தான், நம்மோடு ஒட்ட விரும்பவில்லை, அவ்வளவே.

தாமதமும் ஒரு தவறு, அதைப் பலர் தவறாகவே எண்ணுவதில்லை. ஆதிச்சநல்லூரில் 2004-05இல் தோண்டி எடுத்த மாதிரிகளுக்கு, வழக்கு நீதிமன்றம் வரை போனபிறகு, 2019இல்தான் காலம் தெரிந்தது: கி.மு. 905, கி.மு. 696. நடுவில் கிடந்த அத்தனை வருஷமும் லெமூரியாக் கதைகள் செழித்தன. மாநிலத் துறைக்கு முன்பே மத்தியத் தொல்லியல் துறை கீழடியில் தோண்டிய முதல் இரண்டு கட்டங்களுக்கான 982 பக்க அறிக்கை 2023 ஜனவரியில் அந்தத் துறையிடம் போனது. 2025 மே மாதம் திருத்தம் கேட்டார்கள். பொதுமக்கள் யாரும் படித்திராத அறிக்கைக்காக ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. முழு அறிக்கை தாமதமாகும் என்றால் மாதிரிப் பட்டியலையும் அடுக்கு வரைபடத்தையுமாவது முதலில் வெளியிடலாம்.

கடைசியாக உள்ளூர்க்காரர்கள். அவர்களைக் கேட்பவர்களாக மட்டும் உட்கார வைக்காதீர்கள். குழியில் கொத்துக்கரண்டியோடு மாதக்கணக்கில் குந்தியிருக்கும் அக்காமார்களுக்கு மண் நிறம் மாறும் இடம் புது மாணவனைவிட நன்றாகத் தெரியும், பார்வையாளர்களுக்கு அவர்களையே விளக்கச் சொல்லலாம். தங்கம் கிடைத்ததா என்று யாராவது கேட்டால் சிரிக்காதீர்கள். கீழடியில் தங்க அணித் துண்டுகள் சில கிடைத்தன, ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவை ஏன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்று விளக்குங்கள். தாழிகள் புதைந்த இன்னும் தோண்டாத மேட்டின் இருப்பிடத்தை ரீல்ஸில் போடாதீர்கள், கடப்பாரையோடு வருகிறவர்கள் அதையும் பார்க்கிறார்கள். நிலத்துக்காரருக்கு இருக்கும் கேள்வி வேறு: என் தோப்பை அரசு எடுத்துக்கொள்ளுமா? கீழடியில் பல குழிகளை மூடி நிலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த விவரத்தை, எத்தனை மாதம், மரத்துக்கு என்ன ஏற்பாடு, குழியை யார் மூடுவார்கள் என்பதோடு சேர்த்து, குழிக்கு அளவுக் கயிறு கட்டும் முன்பே அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். சங்க இலக்கியம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.