மழைக்காலத்துல தோல் ஷூ ஷேப் போகாம இருக்க ஷூ ட்ரீ போடுறது எப்படி

மியான்மர்ல, நம்ம யாங்கோன்ல ஒரு தோல் ஷூ கால்ல கெடந்து தேஞ்சு போறத விட அலமாரிக்குள்ள சும்மா கெடந்தே கெட்டுப் போறதுதான் அதிகம். நம்ம ஆளுங்க பாதி நாள் செருப்புதான், காளி கோயிலுக்குப் போனாலும் சரி ஷ்வேடகோன் புத்தர் கோயிலுக்குப் போனாலும் சரி வாசல்லயே கழட்டி விட்டுட்டுத்தான் உள்ள போகணும், அதனால செருப்புதான் வசதி. தோல் ஷூ வெளிய வர்றது ஆபீஸ் மீட்டிங், கல்யாணம், ஏதாவது முக்கியமான ஆள பாக்கப் போறது, அவ்வளவுதான். நடுவுல மே மாசம் பாதியில ஆரம்பிக்கிற மழை அக்டோபர் வரைக்கும் விடாது, வருஷத்துக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுது, கரண்ட் போயிடுச்சுன்னா ஃபேனும் கிடையாது, வீட்டுக்குள்ள காத்து அப்படியே நின்னுடும். நவம்பர்ல ஒரு கல்யாணப் பத்திரிகை வரும், ஷூவ எடுத்துப் பாத்தா மேல வெள்ளையா பூஞ்ச, முனை மேல தூக்கிட்டு நிக்குது, விரல் மடங்குற எடத்துல மடிப்பு அட்டை மாதிரி வெறைச்சுக் கெடக்கும்.

இதுக்குத்தான் ஷூ ட்ரீ. ஷூவுக்குள்ள வைக்கிற கால் மாதிரி ஒரு பொருள், மரத்துல வரும், பிளாஸ்டிக்ல வரும். முன்னாடி விரல் பக்கம் ஒரு கட்டை, அது நடுவுல ரெண்டா பிளந்திருக்கும், பிளவுக்குள்ள சின்ன ஸ்பிரிங் இருக்கும், அது அகலத்துக்கு. பின்னாடி குதிகால் பக்கம் ஒரு கட்டை. ரெண்டையும் சேக்குறது ஒரு குழாய், அதுக்குள்ளயும் ஸ்பிரிங், அது நீளத்துக்கு. பிளாஸ்டிக்ல ஸ்பிரிங்குக்கு பதிலா பல்லுப் பல்லா வெட்டி வச்சிருப்பாங்க, இழுத்து விட்டா டக்குன்னு ஒரு பல்லுல போய் உக்காந்துக்கும்.

ஏன் வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா போடுற முறை தானா வந்துடும். நாள் பூரா ஷூ போட்டா கால் வேர்வை தோலுக்குள்ள எறங்குது, தோல் ஊறி இளகுது, நடக்கும்போது விரல் மடங்குற எடத்துல வளையுது. கழட்டி வச்சப்புறம் காயும்போது எந்த நிலையில காயுதோ அந்த நிலையிலயே தோல் நின்னுடும். வெறுமையா வச்சா வளைஞ்சபடியே காயும், உள்ள ஒண்ணு தாங்கிப் பிடிச்சா நேரா காயும். அதனால மறுநாள் காலையில போடுறதுல பெரிய பிரயோஜனம் இல்ல, கழட்டுன கையோட, ஷூ இன்னும் சூடா இருக்கும்போதே போட்டுடணும்.

ஒரு விஷயத்துல ரொம்பப் பேர் ஏமாந்துடுறாங்க, அத முதல்லயே சொல்லிடுறேன். கடையில பக்கத்துப் பக்கத்துல இன்னொரு சாமானும் வச்சிருப்பாங்க, பின்னாடி கொக்கி மாதிரி வளைஞ்ச ஒரு நீளக் கம்பி, திருகுனா கட்டை விரிஞ்சுக்கிட்டே போகும். அது ஷூ ட்ரீ இல்ல, இறுக்கமா இருக்கிற ஷூவ பெருசாக்குற ஸ்ட்ரெச்சர். ரெண்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வேலை நேர் எதிர், ஒண்ணு இருக்கிற அளவுலயே நிறுத்தும், இன்னொண்ணு அளவ மாத்தும். ஸ்ட்ரெச்சர ஷூக்குள்ள மாசக்கணக்குல விட்டு வச்சா ஷூ காலுக்கு லூசாகிடும், அப்புறம் அத சின்னதாக்க வழியே இல்ல.

வாங்கும்போது சைஸ் பாத்து வாங்குங்க. பெரும்பாலும் 41-42, 43-44 இப்படி ரெண்டு ரெண்டா சேத்து வரும். உங்க அளவு நடுவுல விழுந்துச்சுன்னா சின்னதையே எடுங்க. பெருசு வாங்குனா நல்லா இறுக்கமா பிடிக்கும்னு தோணும், அது தப்பு, அத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எங்கப்பா வேலைக்குப் போட்டுட்டு இருந்த கறுப்பு லேஸ் ஷூ, கையில தச்சது, அவருக்கப்புறம் எனக்கு வந்துச்சு. அதுக்கு ஒரு மலிவு ட்ரீ வாங்கிப் போட்டேன், முன்னாடி பிளாஸ்டிக் கட்டை, நடுவுல ஒரே ஒரு வளைஞ்ச கம்பி ஸ்பிரிங், பின்னாடி கோலிகுண்டு அளவுக்கு ஒரு உருண்டை. கம்பி எவ்வளவு வளையுதோ அவ்வளவு நல்லதுன்னு நினைச்சு அழுத்தி உள்ள தள்ளிட்டு மழைக்காலம் பூரா அப்படியே விட்டுட்டேன். எடுத்துப் பாத்தப்ப குதிகால்ல அந்த உருண்டை இருந்த எடம் மட்டும் வெளிய புடைச்சுட்டு நிக்குது, பின்பக்கத் தையல் மேல அரை இஞ்சுக்கு விட்டிருக்கு. தெருவோரம் உக்காந்து செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட கொண்டு போனேன், கையில வாங்கி குதிகால பெருவெரலால தடவிப் பாத்துட்டு, "தம்பி, இத யாரோ உள்ளேருந்து குத்தியிருக்காங்க"ன்னாரு. தையல போட்டுக் குடுத்துட்டாரு, ஆனா புடைப்பு இன்னும் அப்படியேதான் இருக்கு, அந்த ஷூவ எடுக்கும்போதெல்லாம் கை அங்கதான் போகுது.

அதனால குதிகால் கட்டை அகலமா, நெஜ குதிகால் மாதிரி உருண்டு இருக்கிறதா பாத்து வாங்குங்க, அழுத்தம் ஒரு புள்ளியில விழாம பரவலா விழணும். அந்தக் கம்பி ஸ்பிரிங் ட்ரீதான் கையில இருக்குன்னா, பயணத்துக்கு ரெண்டு நாள் பெட்டிக்குள்ள வைக்க ஓகே, மாசக்கணக்குல வைக்க வேணாம்.

இப்ப போடுற முறை. லேஸ நல்லா கீழ வரைக்கும் தளத்தி விடுங்க, நாக்க முன்னாடி இழுத்து விடுங்க. உலர்ந்த துணியால இல்ல பிரஷ்ஷால தூசிய தட்டிடுங்க, தூசி மடிப்புக்குள்ள இருந்தா அங்கதான் தோல் வெடிக்கும். ட்ரீயோட முன்பக்கத்த சாய்வா உள்ள விட்டு விரல் முனை வரைக்கும் தள்ளுங்க, அப்புறம் பின்கட்டைய முன்னாடி அழுத்திப் பிடிச்சுக்கிட்டே மெதுவா கீழ எறக்குங்க, குதிகால்ல போய் உக்காந்ததும் கைய எடுங்க. சில ட்ரீ வலது எடதுன்னு தனித்தனியா வளைவு செதுக்கி வரும், மாத்திப் போட்டுடாதீங்க.

போட்டப்புறம் மூணு எடத்த பாருங்க. மேல மடிப்பு பெரும்பாலும் படிஞ்சிருக்கணும், முழுசா மறையணும்னு அவசியமில்ல. ஷூவோட வாய், அதாவது கணுக்காலுக்குக் கீழ இருக்கிற விளிம்பு, ரெண்டு பக்கமும் வெளிய விரிஞ்சு நிக்கக் கூடாது, நின்னா நீளம் அதிகம்னு அர்த்தம். பக்கவாட்டுல தோல் மேளத்துல இழுத்துக் கட்டுன மாதிரி விறைப்பா இருக்கக் கூடாது, வெரலால அழுத்துனா கொஞ்சம் கொடுக்கணும். ஸ்பிரிங் குழாய் ஒரு விரல் கனத்துக்கு அமுங்கியிருந்தா போதும். பல்லு வச்ச ட்ரீயா இருந்தா சரியா இருக்குன்னு தோணுற பல்லுல நிறுத்திட்டு அதுலேருந்து ஒரு பல்லு பின்னாடி வாங்கிடுங்க, நான் இப்ப எல்லாத்துக்கும் அப்படித்தான் வைக்கிறேன்.

மரமா பிளாஸ்டிக்கான்னு கேட்டா, நம்ம ஊருக்கு மரம்தான். பிளாஸ்டிக் ஷேப்ப பிடிக்கும், ஈரத்த குடிக்காது. சீடர்னு விக்கிற செவப்பு மரம் நல்ல வாசனையா இருக்கும், உண்மையில அது ஜுனிப்பர் வகை மரம், ஈரத்தையும் நாத்தத்தையும் இழுக்கும். பீச் மரமும் நல்லா இருக்கும், வாசனை மட்டும் கிடையாது. எதுவா இருந்தாலும் மேல வார்னிஷ் அடிச்சிருந்தா வாங்காதீங்க, வார்னிஷ் அடிச்சா ஈரம் உள்ள போக வழியில்ல. இங்கதான் தேக்கு கொட்டிக் கெடக்கே, தச்சர்கிட்ட குடுத்து செஞ்சுக்கலாமேன்னு என் மச்சான் கேட்டான். தேக்குல இயற்கையாவே எண்ணெய் இருக்கு, கப்பலுக்கும் கதவுக்கும் அது தாங்குறதே அந்த எண்ணெயாலதான், ஆனா அதே காரணத்தால ஷூவோட வேர்வைய அது சரியா குடிக்காது. எனக்கு சீடர் ட்ரீ பேங்காக்லேருந்து வந்த சொந்தக்காரர் ஒருத்தர் வாங்கிட்டு வந்தாரு. வாசனை கொறைஞ்சா மெல்லிய உப்புத்தாள், 220 நம்பர், அதால லேசா தேச்சு விட்டா திரும்ப வரும்.

நனைஞ்ச ஷூ தனிக் கதை. திஞ்சான், அதாவது பர்மியர்களோட வருஷப்பிறப்புத் தண்ணித் திருவிழா, அந்தச் சமயம்தான் நமக்கும் சித்திரை வருஷப்பிறப்பு, புதுத்துணியும் ஷூவுமா சொந்தக்காரங்க வீட்டுக்குக் கெளம்புனா தெருமுனையிலயே ஒரு வாளித் தண்ணி தலையில விழுந்துடும், யாரையும் கோவிச்சுக்கவும் முடியாது. சொட்டச் சொட்ட நனைஞ்ச ஷூவுக்குள்ள நேரா ட்ரீய விடாதீங்க, ஊறுன தோல் சுலபமா நீண்டுடும், மரமும் உப்பிடும். மொதல்ல இன்சோல், அதாவது உள்ள பாதத்துக்கு அடியில இருக்கிற தகடு, கழட்ட வருதுன்னா கழட்டிடுங்க, பேப்பர கசக்கி உள்ள லேசா அடைங்க, ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவை ஈரப் பேப்பர எடுத்துட்டு காஞ்சத வைங்க. அச்சு மை வெளிர் நெற உள்தோல்ல ஒட்டும், அதனால அதுக்கு வெள்ளைப் பேப்பர். சோலுக்கும் காத்துப் படணும்ல, ஷூவ பக்கவாட்டுல சாச்சு வைங்க. வெயில்ல வைக்க வேணாம், அடுப்புப் பக்கம் வேணவே வேணாம், வேகமா காஞ்சா தோல் சுருங்கி வெடிக்கும். தொட்டா ஜில்லுன்னு இருக்கு, ஆனா பேப்பர் நனையலங்கிற நிலைக்கு வந்தப்புறம் ட்ரீ போடுங்க, அதுக்கப்புறம் ஒரு நாள் ரெண்டு நாள் அசைக்காம விட்டுடுங்க.

ட்ரீ கிடைக்கலயா, எங்கப்பா செஞ்சத செய்யுங்க. பழைய பருத்தித் துணிய உருட்டி விரல் பக்கம் அடைச்சுடுவாரு, அப்புறம் சீவுன மூங்கில் பத்தைய ஷூவ விட கொஞ்சம் நீளமா வெட்டி, ரெண்டு முனையிலயும் துணி சுத்தி, வில்லு மாதிரி வளைச்சு உள்ள வைப்பாரு. அதுவும் ஸ்பிரிங்தானே. முனையில துணி கனமா இருக்கணும், இல்லன்னா குதிகால குத்திடும். சாக்ஸுக்குள்ள அரிசி கட்டி வைக்கிறவங்க இருக்காங்க, நம்ம ஈரத்துக்கு வண்டு வந்துடும், வேணாம்.

கான்வாஸ் ஷூவுக்கு தொவைச்சு காயுற வரைக்கும் பேப்பர் போதும். பொம்பளைங்க ஹீல்ஸுக்கு முன்பக்கத்துக்கு மட்டும் துணி அடைச்சா போதும், குதிகால் பக்கம் எதையும் முட்டுக் குடுக்காதீங்க. பூட்ஸுக்கு கீழ சாதாரண ட்ரீ, மேல குழலுக்கு சுருட்டுன பழைய காலண்டர்.

மழைக்காலம் பூரா அலமாரியில வச்சிருக்கிற ஷூவ பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை வெளிய எடுங்க, பூஞ்ச இருந்தா வினிகர தண்ணியில கலந்து துணியில லேசா நனைச்சுத் தொடைங்க, காய விட்டுட்டு திரும்ப வைங்க. அப்ப ட்ரீயையும் கழட்டி ஒரு ராத்திரி ஜன்னல் பக்கம் வச்சிடுங்க, அது குடிச்ச ஈரம் அதுக்குள்ளயேதான் இருக்கு, அதுவும் காயணும்.