திருகு மூடிக் குங்குமச் சிமிழ்: மரத்தில் மரை போடும் முறை

மரச்சிமிழின் மூடியை அழுத்திச் செருகுவதுபோல் செய்துவிட்டால் பாதி வேலை மிச்சம். ஆனால் பையில் போட்டுக்கொண்டு போனால் மூடி கழன்று, குங்குமம் எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். திருகு மூடி அந்தக் கவலையைத் தீர்க்கும். அதற்கான மரையை, அதாவது திருகுப் பள்ளத்தை, கையாலேயே, லேத்தில் (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) பல் உளி பிடித்துப் போடலாம். கடையில் சேசர் என்று கேட்டால் தருவார்கள். சீப்புபோலப் பல் வரிசை வைத்த உளி அது. உள்மரைக்கு ஒன்று, வெளிமரைக்கு ஒன்று என்று ஜோடியாக வரும். இரண்டிலும் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையில் பல் இருக்க வேண்டும்.

சிமிழுக்கு அங்குலத்துக்கு 16 பல் சரியான அளவு. 20 பல் பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் குங்குமத் தூள் அந்தச் சிறிய பள்ளத்தில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பழைய உளி கையில் கிடைத்து அளவு தெரியவில்லை என்றால், மூணு சூத் (3/8 அங்குல) போல்ட்டின் மரையில் வைத்துப் பாருங்கள். அதற்கு அங்குலத்துக்கு 16 மரை. பற்கள் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால் அது 16தான்.

மரத்தைப் பொறுத்தவரை சமரசமே கூடாது. நெருக்கமான, சீரான இழை வேண்டும். கருங்காலி, புளியின் வைரம், நன்கு காய்ந்த கொய்யா, எலுமிச்சை, நாரத்தை, மஞ்சக்கடம்பு இவையெல்லாம் மரையைப் பிடித்து நிற்கும். தேக்கு கண்ணுக்கு அழகு, மரைக்கு ஆகாது. அதன் துவாரங்கள் பெரியவை, மரையின் முகடு பொரிந்து உதிரும். பொம்மை கடையும் வெப்பாலை இடைப்பட்டது. இழை நைஸாக இருந்தாலும் மிருது. அதில்தான் போட வேண்டும் என்றால், பாதி ஆழம் வெட்டியதும் தண்ணீர்போல் ஓடும் சூப்பர் க்ளூவை மரையில் ஊறவிட்டு, முழுக்கக் காய்ந்தபின் மீதி ஆழத்தை வெட்டுங்கள்.

இங்கே அளவுகள் எல்லாம் 54 மி.மீ. விட்டமுள்ள சிமிழுக்கு. 60 மி.மீ. சதுரம், 120 மி.மீ. நீளம் உள்ள கட்டை போதும். இழை நீளவாக்கில் ஓட வேண்டும். லேத்தின் இரண்டு முனைக்கு நடுவில் வைத்து உருட்டி, இரு பக்கமும் சக்கு (கட்டையைக் கவ்வும் பிடி) பிடிக்க அடி விட்டு, மூடிக்கு 40 மி.மீ. ஒதுக்கி, மெல்லிய பார்ட்டிங் உளியால் (வெட்டிப் பிரிக்கும் உளி) வெட்டிப் பிரித்துவிடுங்கள். உளி 2 மி.மீ.க்கு மேல் தடித்தால் வெட்டில் போகும் மரம் அதிகமாகி, மூடியின் ரேகையும் (மரத்தின் வரிக்கோடு) உடம்பின் ரேகையும் பிறகு சேராது.

உடனே மரை போட உட்காராதீர்கள். இரண்டு துண்டையும் 25 மி.மீ. துளை போட்டுக் குடைந்து, நிழலில் வைத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். எடை மாறாமல் நின்றதும் வேலையைத் தொடரலாம். உள்ளே குடைந்ததும் மரத்தின் இறுக்கம் தளர்ந்து வட்டம் கோணும். கோணி முடித்த மரத்தில்தான் மரை நிலைக்கும்.

முதலில் மூடியின் உள்மரை. அதற்குப் பிறகு உடம்பின் கழுத்தை மூடிக்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ளலாம் என்பதால் இந்த வரிசை. மூடியின் வாயை 38 மி.மீ. விட்டத்துக்கு, சாய்வு இல்லாமல், 7 மி.மீ. ஆழம் நேராகக் கடையுங்கள். அந்த 7 மி.மீ. முடிந்த இடத்துக்கு அப்பால் உள்ளே 4 மி.மீ. அகலத்துக்கு 41 மி.மீ. விட்டத்தில் ஒரு பள்ளம் வெட்டுங்கள். உளியின் பற்கள் வெளியேற இடம் அதுதான். இந்தப் பள்ளத்தை விட்டுவிட்டால் உளி உள்சுவரில் மோதி, போட்ட மரை அத்தனையும் ஒரே நொடியில் உடையும். வாயின் விளிம்பை 45 பாகைக்குச் சரித்துவிடுங்கள்.

லேத்தை நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு இறக்குங்கள். 200-க்கு இறங்குமானால் இன்னும் நல்லது. 16 பல்லுக்கு ஒரு சுற்றுக்கு 1.59 மி.மீ. நகர வேண்டும். 300 சுற்றில் அது நொடிக்கு சுமார் 8 மி.மீ., 200-இல் 5 மி.மீ.யை ஒட்டி வரும். வாயிலிருந்து பள்ளம்வரை போக ஏறத்தாழ ஒரு நொடி. லேத் ஓடாதபோதே இந்த அசைவைக் கைக்குப் பழக்குங்கள்: உள்ளே போ, விலகு, வெளியே வா, மறுபடி தொடு. நிறுத்தாமல் ஒரே வட்டமாக ஓட வேண்டும். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டின் மேல்விளிம்பில் சிறு பள்ளம் இருந்தால்கூட உளி தடுக்கும்; அரம் போட்டு வழவழப்பாக்கி, மெழுகு தேயுங்கள். பல்லின் முனை, கட்டை சுழலும் மையத்துக்கு மயிரிழை மேலே நிற்கட்டும்.

முதல் தொடுகை சரித்த விளிம்பில். உளியைச் சாய்த்துப் பிடித்து, நகரும்போதே தொடுங்கள். தொட்டபின் நகர ஆரம்பித்தால் மரைக்குப் பதில் வளையம்தான் விழும். மெல்லிய கோடு சுருளாக விழுந்ததும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உளியைச் சிறிது சிறிதாக நேராக்கி உள்ளே கொண்டுபோங்கள். கோடு விழுந்தபின் அதுவே உளியை இழுத்துச் செல்லும். கை அழுத்தம் தேவையே இல்லை. எட்டுப் பத்து ஓட்டத்தில் 1 மி.மீ. ஆழம் வந்துவிடும். முகடு கத்திபோல் கூராகும்வரை வெட்டாதீர்கள். உச்சியில் மெல்லிய தட்டை மிஞ்சினால்தான் உதிராமல் நிற்கும்.

தவறு நேருமிடம் பெரும்பாலும் இந்த முதல் மூன்று ஓட்டம். கை வேகமாகப் போனால் இரட்டை மரை விழும். வாயில் இரண்டு தொடக்கம் தெரிந்தால் அதுதான். கை தடுமாறினால் மரை அலைபோல் வளையும். இரண்டையும் அதற்கு மேல் வெட்டிச் சரிசெய்ய முடியாது. வாயை மறுபடி 40 மி.மீ.க்கு நேராகக் கடைந்து, உள்பள்ளத்தையும் 43-க்குப் பெரிதாக்கி, புதிதாகத் தொடங்குங்கள். கழுத்தின் அளவுகளையும் அதே 2 மி.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். மரம் பொடியாக உதிர்ந்தால் உளி மழுங்கிவிட்டது என்று பொருள். மேல்முகத்தை மட்டும் தட்டையான சாணைக்கல்லில் தேயுங்கள். பற்களுக்கு நடுவில் அரம் போட்டால் அளவு கெட்டு, உளியே வீண்.

உள்மரை முடிந்ததும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தூளைத் தட்டி, டர்பன்டைனில் குழைத்த தேன்மெழுகைப் பூசி, இன்னும் இரண்டு ஓட்டம் விடுங்கள். மரை பளபளக்கும்.

இனி உடம்பு. உள்துளையை 30 மி.மீ.க்குக் கடைந்துகொள்ளுங்கள். கழுத்து 9 மி.மீ. நீளம், 40.4 மி.மீ. விட்டம். தோளை (கழுத்து உடம்போடு சேரும் படி) ஒட்டி 3 மி.மீ. அகலத்துக்கு 37.5 மி.மீ. விட்டத்தில் ஒரு பள்ளம், மேல்விளிம்பில் சரிவு. வெளிமரை உளியால் அதே அசைவு. இம்முறை பல் சரியாக மையத்தில். வெட்டியபின் மூடியைத் திருகிப் பாருங்கள். ஏறாது, ஏறக்கூடாது. முகட்டை 0.2 மி.மீ. கடைந்து குறைத்து, பழைய பள்ளத்திலேயே உளியை ஓட்டி, மறுபடி பாருங்கள். 39.8-ஐ நெருங்கும்போது மூடி விரல்நுனியில் சுற்றும். முழுவதும் இறுக்கினால் இரண்டரைச் சுற்று பிடித்திருக்கும். சிமிழுக்கு அது தாராளம்.

மூடி லேசாக ஆடுகிறதே என்று வருந்த வேண்டாம். அந்த ஆட்டம் வேண்டுமென்றே விட்டது. மரம் தன் ஆண்டு வளையங்களின் போக்கில் ஒரு பங்கு சுருங்கினால், நடுவிலிருந்து வெளிநோக்கி ஏறத்தாழ அதில் பாதிதான் சுருங்கும். அதனால் வட்டம் நாளடைவில் நீள்வட்டமாகிறது. மூடியும் உடம்பும் ஒரே கட்டை, ரேகையும் சேர்ந்திருக்கிறது என்றால் மூடியிருக்கும்போது இரண்டு நீள்வட்டமும் பொருந்தும். கால் சுற்று திருப்பியதும் ஒன்றின் நீண்ட பக்கம் மற்றதன் குறுகிய பக்கத்தில் முட்டும். பங்குனி வெயிலில் இறுக்கமாகச் செய்த சிமிழ் ஐப்பசி அடைமழையில் திறக்காமல் போவதற்கு இதுதான் காரணம். கண்ணுக்குத் தெரியாத அளவு தளர்வு விட்ட சிமிழே நல்ல சிமிழ்.

ரேகை சேர்ப்பது எளிது. மூடியை இறுக்கி, ரேகை எவ்வளவு முன்னாலேயே நின்றுவிடுகிறது என்று பாருங்கள். தோளில் 0.4 மி.மீ. சீவினால் மூடி கால் சுற்று கூடுதலாகப் போகும், 0.2 என்றால் அரைக்கால். கடைசி மயிரிழையைச் சீவாமல் விடுங்கள். பழகப் பழக மூடி தானே அங்கே வந்து உட்காரும்.

பிறகு மூடியை இறுக்கி வைத்து, வெளிப்புறத்தை இரண்டும் ஒன்றாகக் கடையுங்கள். மூடியின் தலையை முடிக்க, ஒரு வேண்டாத கட்டையில் அதே வெளிமரையைப் போட்டு, மூடியை அதில் திருகிக்கொள்ளலாம். சிமிழின் அடியை முடிக்க, உள்மரை போட்ட கட்டை. இந்த இரண்டு கட்டையையும் எறியாமல் வையுங்கள்.

அரக்கு ஏற்றுவதானால் ஓடும் சிமிழில் அரக்குக் குச்சியை அழுத்தி, தாழை மடலால் மெருகிடலாம். மரையில் மட்டும் அரக்கு படக்கூடாது. பட்டால் மூடி ஒட்டிக்கொள்ளும். மரைக்குத் தேன்மெழுகு போதும்.

மழைக்காலத்தில் மூடி மாட்டிக்கொண்டால் முறுக்காதீர்கள். கழுத்துச் சுவர் 4 மி.மீ.தான் இருக்கிறது. வெயில் நேராகப் படாத உலர்ந்த இடத்தில் சில நாள் வைத்தால் தளரும். திறந்ததும் கழுத்தின் முகட்டில் எதிரெதிரே இரண்டு இடம் பளபளப்பாகத் தெரியும். 400 நம்பர் உப்புத்தாளை மடித்து அந்த இரண்டு இடத்தை மட்டும் தேய்த்து, மெழுகு பூசுங்கள்.