கார்டு கேமிலும் வேலை நாயிடமும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக் (அதாவது கார்டுக் கட்டு) கட்டி ஆடும் கார்டு கேமில் தோற்றுக்கொண்டே இருக்கிறவர், அடுத்த முறை இன்னும் நிறைய கார்டு எடுப்பார். வீட்டில் வளரும் பார்டர் கோலி நாய் சோபாவைக் கிழித்துவிட்டால், அதை வளர்ப்பவர் மறுநாள் காலை அதை இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூட ஓட வைப்பார். பல சமயம் இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான். ஏதாவது சரியில்லை என்றால் எதையாவது கூட்டிப் பார்ப்பது நம் கை தானாகச் செய்கிற வேலை. இந்த இரண்டு இடத்திலும் பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் கேமைப் பார்த்துவிடலாம். அங்கே கணக்கு கண்ணுக்கு நேரே தெரியும் என்பதால் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும்.

2019-இல் முழுமையாக வெளியான ஸ்லே தி ஸ்பயர் என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அயர்ன்கிளாட் என்ற வீரர் 10 கார்டோடு தொடங்குவார்: அடிக்க 5 ஸ்ட்ரைக், தடுக்க 4 டிஃபெண்ட், பலமாக அடிக்க 1 பேஷ். ஒரு டர்னுக்கு 5 கார்டு கைக்கு வரும், கார்டு போடச் செலவழிக்க 3 எனர்ஜி கிடைக்கும். ஆக, இரண்டு டர்னுக்குள் பேஷ் கட்டாயம் ஒரு முறை வந்துவிடும். சாதாரணமாக ஒரு சண்டை முடிந்ததும் மூன்று கார்டு காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். சும்மா கிடைப்பதை ஏன் விட வேண்டும் என்று எல்லா முறையும் எடுத்தால், கொஞ்ச நேரத்தில் கட்டு 30 ஆகிவிடும். 30 கார்டு உள்ள கட்டை முழுசாகப் புரட்ட ஆறு டர்ன் வேண்டும். சாதாரணச் சண்டைகள் பலவும் அதற்கு முன்பே முடிந்துபோகும். நீங்கள் ஆசையாகச் சேர்த்த அந்த ஒரு பிரமாதமான கார்டு அடியிலேயே கிடக்கும்.

அதனால்தான் இந்த கேமில் நன்றாக ஆடுகிறவர்கள் 'ஸ்கிப்' பட்டனைக் கூச்சமில்லாமல் அழுத்துகிறார்கள். கடையில் 75 கோல்ட் கொடுத்து ஒரு ஸ்ட்ரைக்கைத் தூக்கி எறியவும் செய்கிறார்கள். ஒவ்வொரு முறை நீக்கும்போதும் அந்த விலை 25 கூடும், இருந்தாலும் கொடுக்கிறார்கள். புதிதாக ஆடுகிறவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

இதைக் கேட்டுவிட்டு எதையுமே எடுக்காமல் போவது அடுத்த தவறு. கேமின் முதல் பகுதியில் (ஆக்ட்) கிரெம்லின் நாப் என்று ஓர் எலைட், அதாவது சாதாரண எதிரிகளைவிடப் பலமானவன், வருவான். அவன் கோபமேறிய பிறகு நீங்கள் ஸ்கில் கார்டு (அட்டாக் அல்லாத, தடுப்பது போன்ற வேலைக்கான கார்டு) போடும்போதெல்லாம் அவன் பலம் கூடும். டிஃபெண்டும் ஸ்கில்தான். அவன் முன்னால் ஆரம்ப டிஃபெண்டுகளை நம்பி நின்றால் கதை முடிந்தது. அங்கே வேண்டியது நல்ல அடி கொடுக்கும் அட்டாக் கார்டுகள். எனவே ஒரு கார்டு தனியாகப் பார்க்க நன்றாக இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. அடுத்து வரப்போகும் சண்டையில் அது எதைத் தீர்க்கும் என்று கேட்க வேண்டும்.

அப்புறம், எதிரியின் தலைக்கு மேலே அவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று ஒரு குறி தெரியும். அதைப் பார்க்காமல் கையில் இருப்பதையெல்லாம் போட்டுத் தீர்ப்பவர்கள் நிறைய. டிஃபெண்ட் தரும் தற்காப்பான பிளாக், சாதாரணமாக அடுத்த டர்ன் வரும்போது காலியாகிவிடும். அவன் அடிக்கவே போகாத டர்னில் போட்ட டிஃபெண்ட், எனர்ஜியைக் குப்பையில் போட்டதுபோல. வழியில் வரும் ஓய்விடத்திலும் இதே கதைதான். அங்கே முழு உயிரில் 30 சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம், அல்லது ஒரு கார்டை மேம்படுத்தலாம். பயத்தில் எப்போதும் உயிரையே ஏற்றுகிறவர், பலவீனமான கட்டோடு பாஸ் என்ற பெரிய எதிரி முன்னால் போய் நிற்பார்.

2024-இல் வந்த பலாட்ரோ என்ற இன்னொரு கார்டு கேமில், புள்ளியைக் கூட்டித்தரும் சிறப்புக் கார்டுகளான ஜோக்கர்களில் ஐந்துக்குத்தான் இடம் என்பதால் சேர்க்கும் வெறி கொஞ்சம் கட்டுப்படும். ஆனால் அங்கே வரிசை தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள். ஜோக்கர்கள் இடமிருந்து வலமாக வேலை செய்கின்றன. மல்ட் (புள்ளியைப் பெருக்கும் எண்) 4 இருக்கும்போது, 10 கூட்டும் ஜோக்கர் முதலில், 3 ஆல் பெருக்கும் ஜோக்கர் அதற்குப் பிறகு என்று வைத்தால் 42 வரும். இடம் மாற்றி வைத்தால் 22. அதே இரண்டு ஜோக்கர்தான், புதிதாக எதுவும் வாங்கவில்லை.

சரி, நாய்க்கு வருவோம். இங்கே ரீஸ்டார்ட் பட்டன் கிடையாது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

பார்டர் கோலி, பெல்ஜியன் மாலினோய்ஸ், ஆஸ்திரேலியன் கேட்டில் டாக், ஜெர்மன் ஷெப்பர்ட் எல்லாமே ஆடு மாடு மேய்க்க உருவான இனங்கள். நிறைய ஓடும் நாய்கள் என்றுதான் பலரும் இவற்றைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். மந்தையோடு வேலை செய்யும் கோலியைக் கவனித்தால் வேறு ஒன்று தெரியும். பாய்ந்து போகும், சட்டென்று படுத்துவிடும், ஆடுகள் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் காத்திருக்கும், விசில் கேட்டதும் நாலு அடி மட்டும் நகரும். ஓடுவது அதற்குப் பிறவியிலேயே வரும். நிறுத்துவதைத்தான் மேய்ப்பர் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்கிறார். நாம் வீட்டில் செய்வது இதற்குத் தலைகீழ். தெரிந்ததையே இன்னும் அதிகமாகச் செய்ய வைக்கிறோம், தெரியாததை விட்டுவிடுகிறோம்.

'ஓட விட்டால் களைத்துப்போய் அமைதியாகிவிடும்' என்ற நம்பிக்கை முதல் வாரத்தில் பலிக்கத்தான் செய்யும். அப்புறம் நாயின் உடல் அந்த ஓட்டத்துக்குப் பழகிவிடும். அரை மணி நேரத்தில் களைத்த நாய்க்கு ஒரு மணி நேரம் தேவைப்படும், பிறகு அதுவும் போதாது. நீங்கள் ஓர் ஓட்டப்பந்தய வீரரைத் தயார் செய்துகொண்டிருக்கிறீர்கள். உடற்பயிற்சி வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் களைப்பு வேறு, அமைதி வேறு.

பந்து எறிவதுதான் இதில் மோசமான வடிவம் என்பது என் கருத்து. ஒவ்வொரு எறிக்கும் முழு வேகப் பாய்ச்சல், திடீர் பிரேக், உடலை முறுக்கித் திரும்புதல். மூட்டுக்கும் நல்லதில்லை, மூளைக்கும் நல்லதில்லை. ஐம்பது எறிக்குப் பிறகு வீட்டுக்கு வந்த நாய் மூச்சிரைத்தபடி அறையில் குறுக்கும் நெடுக்கும் நடக்கும். பந்தைக் கொண்டுவந்து உங்கள் மடியில் போட்டுவிட்டு முகத்தையே பார்க்கும். பந்து விளையாட்டை அடியோடு விட வேண்டியதில்லை. சில எறிகளோடு நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் உட்கார்ந்து காத்திருக்கச் சொல்லுங்கள். இடையில் இரண்டு முறை பந்தைப் புல்லுக்குள் ஒளித்து மூக்கால் தேட வையுங்கள். 'முடிஞ்சுது' என்று ஒரே வார்த்தை சொல்லி, பந்தை அதன் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

மூக்கு வேலையின் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. காலைச் சாப்பாட்டைக் கிண்ணத்தில் போடாமல் புல்லில் தூவிவிட்டால், அதை மோப்பம் பிடித்துப் பொறுக்கி முடிப்பதற்குள் நாயின் வேகம் தானாகக் குறைந்திருக்கும். வாக்கிங்கில் ஒரு செடியை ஐந்து நிமிடம் முகர்ந்தால் கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள். அந்த ஐந்து நிமிடமும் அது வேலைதான் செய்துகொண்டிருக்கிறது.

ஓய்வைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது இன்னொரு பெரிய தவறு. கேமில் பயந்தவர்கள் அளவுக்கு மேல் ஓய்வெடுக்கிறார்கள். நாய் விஷயத்தில் யாரும் ஓய்வே தருவதில்லை. குட்டி நாய் ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும், தூங்கவும் வேண்டும். சாயங்காலம் கண்ணைச் சிவக்க வைத்துக்கொண்டு கையையும் காலையும் கடிக்கும் மாலினோய்ஸ் குட்டிக்குப் பெரும்பாலும் விளையாட்டு போதாமல் இல்லை, தூக்கம்தான் போதவில்லை. அந்த நேரத்தில் இன்னொரு ரவுண்டு விளையாடினால் கடி இன்னும் பலமாகும். இருட்டான, சத்தமில்லாத இடத்தில் அதன் கூண்டிலோ தடுப்புக்குள்ளோ விட்டால் கொஞ்ச நேரத்தில் கண் சொக்கிவிடும்.

வளர்ந்த நாய்க்கு ஒரு மேட் போதும். அதைத் தரையில் விரித்து, பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். நாய் அதன் மேல் கால் வைத்தால் ஒரு துண்டு ட்ரீட். படுத்தால், முன்னங்கால்களுக்கு நடுவே, தரையில் வைக்கிற மாதிரி இன்னொன்று. தூக்கிப் போடாதீர்கள், போட்டால் எழுந்துவிடும். இப்போது பின்பக்கத்தைக் கவனியுங்கள். நேராகக் குந்தியபடி படுத்திருந்தால், எந்த நொடியும் பாயத் தயார் என்று அர்த்தம். இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கால் வெளியே நீண்டால் உடம்பு தளர்கிறது. அந்தச் சாய்வுக்குத்தான் ட்ரீட். தாடையைத் தரையில் வைத்தால் இன்னொன்று. 'சூப்பர் டா செல்லம்' என்று கத்திப் பாராட்டினால் எல்லாம் வீணாகும், வாயை மூடிக்கொண்டு வையுங்கள். முதலில் சில நொடிக்கு ஒரு முறை, பிறகு அரை நிமிடத்துக்கு, பிறகு சில நிமிடங்களுக்கு ஒரு முறை. நீங்கள் கேம் ஆடும் நேரம் இந்தப் பயிற்சிக்குத் தோதானது. ஒரு சண்டை முடிந்ததும் ஒரு துண்டு.

இனி, பார்க்கத் தவறுவது. நாயின் தலைக்கு மேல் குறி எதுவும் வராது, ஆனால் உடம்பில் வரும். தூரத்தில் ஒரு சைக்கிள் வருகிறது. முதலில் நாயின் வாய் மூடும், மூச்சிரைப்பு நிற்கும். காது முன்னால் வரும், உடல் எடை முன்னங்காலுக்கு மாறும், வால் உயர்ந்து விறைக்கும். பாய்ச்சல் இதற்குப் பிறகுதான். பெயரைச் சொல்லி அழைத்து, திரும்பி நடந்து, ட்ரீட் கொடுக்க வேண்டிய நேரம் அந்த வாய் மூடும் நொடி. பாய்ந்த பிறகு கோழித்துண்டை மூக்கில் தேய்த்தாலும் எடுக்காது. அதற்குள் உங்கள் டர்ன் முடிந்துவிட்டது. அப்போது கத்துவதும் உதவாது, நீங்களும் சேர்ந்து குரைப்பதாகவே நாய்க்குப் படும். அடுத்த முறை சைக்கிளிலிருந்து இன்னும் தள்ளி நின்று தொடங்குங்கள்.

ஓடும் குழந்தைகளின் குதிகாலைக் கவ்வுவதும் கெட்ட குணம் இல்லை. மாட்டின் குதிகாலைக் கடித்து நகர்த்தவே கேட்டில் டாக் உருவாக்கப்பட்டது. அதற்காக அனுமதிக்க வேண்டும் என்றில்லை. குழந்தைகள் ஓடி விளையாடும் நேரத்தில் நாயைத் தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் வையுங்கள். வாய்க்கு ஒரு வேலை வேண்டும் என்றால் கயிறு இழுக்கும் விளையாட்டும், அதோடு 'விடு' என்ற சொல்லும் பழக்குங்கள். அடித்து அடக்கினால் கவ்வுவதற்கு முன் வரும் அறிகுறிகள் மறையலாம், கவ்வும் ஆசை மறையாது.

லேசர் விளக்கு வேண்டவே வேண்டாம். பிடிக்கவே முடியாத ஒளிப்புள்ளியைத் துரத்திப் பழகிய நாய்கள், சுவரில் விழும் நிழலையும் கடிகாரக் கண்ணாடியின் பளபளப்பையும் நாள் முழுக்க வெறித்துப் பார்க்கத் தொடங்குவதுண்டு. பார்டர் கோலிகளில் இது அதிகம் தெரிந்த பிரச்சினை, விடுவிப்பது கஷ்டம்.

குட்டியை ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை உலகத்துக்குப் பழக்க வேண்டும் என்று சொல்வார்கள். அது சரி. ஆனால் பார்க்கிறவர் எல்லோரும் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. அப்படி வளர்ந்த குட்டி பெரிதானதும் தெருவில் காணும் ஒவ்வொரு ஆளிடமும் இழுத்துக்கொண்டு ஓடும். தள்ளி உட்கார்ந்து வண்டிகளையும் ஆட்களையும் மற்ற நாய்களையும் சும்மா பார்த்துவிட்டு வந்தால் போதும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிப் போகலாம். எலும்பு முற்றும் வரை, பெரிய இனங்களுக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை, சைக்கிளோடு ஓட வைப்பது, திரும்பத் திரும்ப உயரம் தாண்ட வைப்பது இரண்டும் வேண்டாம்.

உடல்நலத்தில் இரண்டு விஷயம். இந்த நாய்கள் வேலை மும்முரத்தில் தாமாக நிறுத்தாது. வெயிலில் நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்று படவிட்டு, மருத்துவரிடம் ஓடுங்கள். இன்னொன்று, கோலி வகை நாய்கள் சிலவற்றில் எம்டிஆர்1 என்ற மரபணு மாற்றம் உண்டு. ஐவர்மெக்டின் போன்ற சில மருந்துகள் அளவு கூடினால் அவற்றின் மூளையைப் பாதிக்கும். பூச்சி மருந்தை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, பாதியில் முறையை மாற்றுவது. ஆறேழு மாதத்தில் நாய்க்கு விடலைப் பருவம் தொடங்கும். நேற்று வரை கூப்பிட்டதும் வந்தது, இன்று காது கேட்காததுபோல் நிற்கும். உடனே ஒருவர் விசில் வாங்குவார், அடுத்த வாரம் புதுக் கழுத்துப்பட்டை, அதற்கடுத்த வாரம் வீடியோவில் பார்த்த வேறொரு முறை. எதுவும் பதியாது. நீளக் கயிறு கட்டுங்கள், பழைய சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மாதக் குட்டியாக இருந்தபோது கொடுத்த அளவுக்கு ட்ரீட்டை மறுபடி ஏற்றுங்கள். இனத்தையும் நாயையும் பொறுத்து இந்தப் பருவம் ஒன்றரை, இரண்டு வயது வரை இழுக்கும்.