பழைய ராம் டிரக் கியர் மாற்றத் தடுமாறுகிறதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1996 முதல் 2002 வரை வந்த டாட்ஜ் ராம் 2500, 3500 டிரக்குகளை, 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இஞ்சினும் 47ஆர்இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் உள்ளவற்றை, அமெரிக்காவில் இன்னமும் கனமான டிரெய்லர் இழுக்க வைத்திருக்கிறார்கள். இஞ்சின் லேசில் படுக்காது. வம்பெல்லாம் கியர்பாக்ஸில்தான். அதிலும் ஒரு நாள் ஒழுங்காக ஓடி, மறுநாள் மேட்டில் கியர் மாறாமல் அடம்பிடித்து, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக ஓடிக் காட்டுகிற கோளாறு இருக்கிறதே, அதில்தான் பலரும் பணத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

முதல் தவறே, உடனே கியர்பாக்ஸை இறக்கி முழுசாகப் பிரித்து வேலை பார்க்கச் சொல்வது. தேய்ந்துபோன கிளச் பிளேட் நேற்று வழுக்கிவிட்டு இன்று தானாகச் சரியாவதில்லை. விட்டுவிட்டு வருகிற கோளாறு என்றால் முதலில் ஒயரையும் சென்சாரையும் சந்தேகப்படுங்கள், அப்புறம் ஆயிலை, அதற்கும் அப்புறம்தான் உள்ளே இருக்கும் பாகங்களை.

அடுத்தது, எந்த மாற்றம் தடுமாறுகிறது என்று கவனிக்காமலே "கியர் விழவில்லை" என்று சொல்லிவிடுவது. இந்தக் கியர்பாக்ஸில் ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று போவது ஆயில் அழுத்தத்தால் நடக்கிறது. நான்காவதான ஓவர்டிரைவுக்கும் டார்க் கன்வெர்ட்டர் லாக்கப்புக்கும், அதாவது இஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கிற கன்வெர்ட்டர் வழுக்காமல் நேராகப் பூட்டிக்கொள்வதற்கும், உத்தரவு கொடுப்பது வண்டியின் கம்ப்யூட்டர். லாக்கப் விழும்போதும் ஆர்பிஎம் சில நூறு இறங்குவதால் பலர் அதையும் ஒரு கியர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. காலியான சமதள ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் போய்க்கொண்டே, இடது காலால் பிரேக் பெடலை, பிரேக் பிடிக்காமல் பின்விளக்கு மட்டும் எரிகிற அளவுக்கு மெதுவாகத் தொடுங்கள். ஆர்பிஎம் சட்டென்று கொஞ்சம் ஏறி, காலை எடுத்ததும் திரும்ப இறங்கினால் அது லாக்கப். உங்கள் டிரக் தானாகவே இதே மாதிரி ஏறி இறங்கி விளையாடுகிறது என்றால் நான்காவது கியரில் குற்றமில்லை, லாக்கப்தான் விழுந்து விழுந்து விடுபடுகிறது. பிரேக் விளக்கு ஸ்விட்ச் இடம் தப்பியிருந்தாலும் இதே கூத்து நடக்கும், அதனால் அதையும் பார்த்துவிடுங்கள்.

லாக்கப் இப்படி விளையாடினால் பெரும்பாலானோர் கன்வெர்ட்டரை மாற்றப் போகிறார்கள். தயவுசெய்து முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். உள்ளே டையோடு பழுதானால் பேட்டரிக்குப் போகிற டிசி மின்சாரத்தோடு ஏசி அலையும் கலந்து வரும், பக்கத்தில் ஓடுகிற சென்சார் ஒயர்களில் அது புகுந்து கம்ப்யூட்டரைக் குழப்பும். இஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சந்தேகமென்றால் ஆல்டர்னேட்டரின் சின்ன பிளக்கைக் கழற்றிவிட்டு, பேட்டரி தாங்குகிற வரை, சின்ன தூரம் ஓட்டிப் பாருங்கள்; விளையாட்டு நின்றுவிட்டால் திருடன் பிடிபட்டான். இந்த டிரக்கில் பேட்டரி இரண்டு. இரண்டின் எர்த் ஒயர்களையும் கழற்றி, பச்சை பூத்த முனைகளைப் பளிச்சென்று தேய்த்து மாட்டுங்கள். ஆக்சிலரேட்டர் நிலையைச் சொல்லும் சென்சார் அதிகம் நிற்கிற இடத்திலேயே தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

ஆயில் அளவு பார்ப்பதில் நடக்கும் தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் அது நல்ல கியர்பாக்ஸையே கொன்றுவிடும். ஃபோர்டு, ஜிஎம் டிரக் வைத்திருந்தவர்கள் பழக்கதோஷத்தில் கியர் லிவரைப் பார்க்கில் (P) வைத்துப் பார்க்கிறார்கள். 47ஆர்இ பார்க்கில் இருக்கும்போது கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது, அதனால் அளவு தப்பாகக் காட்டும். ஆயில் நன்றாகச் சூடான பிறகு, கை பிரேக் போட்டு, இஞ்சின் ஓட, நியூட்ரலில்தான் பார்க்க வேண்டும். ஊற்ற வேண்டியது ஏடிஎஃப் பிளஸ் 4 என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். காலையில் முதல் தடவை கியர் போட்டதும் கொஞ்ச நேரம் வண்டி நகராமல் நிற்பதற்கும், இரவெல்லாம் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் வடிந்துவிடுவது ஒரு காரணம். சில நிமிடம் நியூட்ரலில் ஓடவிட்டு அப்புறம் கிளம்பினால் தெரிந்துவிடும்.

ஒன்று, இரண்டு, மூன்றாவது கியர்களில் தடுமாற்றம் என்றால் கவர்னர் பிரஷர் சொலினாய்டையும், அதாவது வண்டி வேகத்துக்கு ஏற்ப ஆயில் அழுத்தத்தை மாற்றுகிற மின் வால்வையும், அதன் சென்சாரையும் பாருங்கள். வண்டி நிற்கும்போது கவர்னர் அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்து, டிரைவில் வேகம் மணிக்கு ஒரு மைல் கூடக்கூடச் சுமார் ஒரு பிஎஸ்ஐ (அழுத்த அளவு) ஏற வேண்டும், ஸ்கேன் கருவியில் இதை நேராகவே பார்க்கலாம். சொலினாய்டில் துகள் சிக்கி அழுத்தம் இறங்காமல் நின்றால், சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி இரண்டிலோ மூன்றிலோ கிளம்பும், இஞ்சினில் இழுவை போய்விட்டது என்று நினைத்து டீசல் பம்ப்பைக் குடைந்துகொண்டிருப்பார்கள். கோளாறைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டால் மூன்றாவது கியரிலேயே நிறுத்திவிடும். சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் சரியான மாதிரி தெரியும். சரியாகிவிட்டது என்று அப்படியே டிரெய்லரை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். ஸ்கேன் கருவியில் பார்க்கும் முன் பேட்டரியைக் கழற்றுவதும் தப்பு, கம்ப்யூட்டர் சேமித்து வைத்த கோளாறு எண் (கோடு) அழிந்துபோகும். பி 1762, 1763, 1764 என்று வந்தால் கவர்னர் சென்சார் பக்கம், பி 0748 என்றால் சொலினாய்டு மின்சுற்று. இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது, எப்படியும் கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டை (பான்) கழற்றியாக வேண்டும், ஃபில்டரையும் அதோடு மாற்றிவிடலாம். கம்பெனி பானில் ஆயிலை வடிக்கிற டிரெயின் பிளக் கிடையாது, அகலமான தட்டு கீழே வைத்துக்கொள்ளுங்கள். பானின் அடியில் மெல்லிய சாம்பல் நிறச் சேறு இருந்தால் பயப்பட வேண்டாம். பளபளவென்று உலோகத் துண்டுகள் கிடந்தாலோ ஆயில் கருகிய வாடை அடித்தாலோ கதை வேறு, அப்போது மெக்கானிக் பிரிக்கச் சொன்னால் கேளுங்கள்.

ஆக்சிலரேட்டர் அசைவைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகிற த்ராட்டில் வால்வு கேபிளை இஷ்டத்துக்குத் தளர்த்துவது இன்னொரு தவறு. கியர் மென்மையாக மாறுகிறதே என்று சந்தோஷமாக இருக்கும், ஆனால் அழுத்தம் குறைந்து கிளச் பிளேட் வழுக்கி எரியும், பாரம் இழுக்கும் வண்டிக்கு இது விஷம்.

இன்னொரு விஷயம், கோளாறே இல்லாததைக் கோளாறு என்று நினைப்பது. ஏற்ற இறக்கமான ரோட்டில் டிரெய்லரோடு போகும்போது மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறிப் போவது பாரத்தால் வருவது. ஓவர்டிரைவ் பொத்தானை அணைத்துவிட்டு மூன்றிலேயே ஓட்டுங்கள். வண்டியை அணைத்துக் கிளப்பினால் ஓவர்டிரைவ் திரும்ப வந்துவிடும், மறக்காமல் மறுபடி அழுத்த வேண்டும்.