திருநெல்வேலி வெயிலுக்கு ஒரு சூரிய அடுப்பு

தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட். 50 செ.மீ. சதுரமான அடுப்புப் பெட்டியின் வாய்க்கு 250 வாட் விழும். கண்ணாடியில் போவதும் கசிவதும் போக 100 வாட் பாத்திரத்தில் இறங்கினாலே, ஒரு லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 95க்கு முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடும். வெயிலை உள்ளே வாங்குவது சுலபம். சூட்டை வெளியே விடாமல் வைப்பதற்குத்தான் வேலை அதிகம்.

வெளிப்பெட்டி: பிளைவுட், உள்ளளவு 60×60×20 செ.மீ. உள்தட்டு: அலுமினியத் தகடு, 50×50×15. நடுவில் சுற்றிலும் அடியிலும் 5 செ.மீ. இடைவெளி. அதில் நெல் உமி, மூன்று நான்கு கிலோ பிடிக்கும். இரண்டு நாள் நன்றாகக் காயவைத்துக் கொட்டுங்கள். ஈர உமி சூட்டைக் கடத்திவிடும். தெர்மாகோல் வேண்டாம், அந்தச் சூட்டில் இளகிச் சுருங்கும். தட்டின் விளிம்பு மரச்சட்டத்தின் மேல்தான் உட்கார வேண்டும்.

தட்டுக்குள் பளபளப்பில்லாத கரும்பலகை பெயிண்ட் அடியுங்கள். பளபளப்பு இருந்தால் ஒளியில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடும். பெயிண்ட் வாடை போகும்வரை இரண்டு மூன்று நாள் வெறும் பெட்டியை வெயிலில் வைத்த பிறகே சமையல். பாத்திரமும் மூடியும் வெளிப்புறம் கறுப்பாக, மெல்லிய அலுமினியமாக இருக்கட்டும்.

மேலே 4 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவில் 2 செ.மீ. இடைவெளி. வெயிலைக் கண்ணாடி உள்ளே விடும். கறுப்புத் தகடு சூடேறி வீசும் நீண்ட அலைக் கதிரை விடாது. ஓரத்துக்குப் பழைய சைக்கிள் டியூப் போதும். ஆவி கசிந்தால் அங்கேதான் சூடு போகிறது.

இனித் திசை. வெயிலைப் பெட்டிக்குள் திருப்பிவிட மூடிப்பலகையின் உட்புறம் ஒட்டிய முகக்கண்ணாடியைத் தெற்கு பார்த்து வைக்கச் சொல்வது வடநாட்டுக்குச் சரி. நம் ஊர் 8.7 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் நடுப்பகலில் முகக்கண்ணாடி வடக்கு பார்க்க வேண்டும். மற்ற மாதங்களில் தெற்கு. பெட்டியைத் திருப்பி வைத்தாலே ஆயிற்று. உச்சி இங்கே 12 மணிக்கு வராது, ஏறத்தாழ 12:20. நடுப்பகலில் முகக்கண்ணாடி செங்குத்திலிருந்து 10 முதல் 20 டிகிரி பின்னால் சாயட்டும். ஒளித்திட்டு பாத்திரத்தின் மேல் விழுகிறதா என்பதுதான் கணக்கு. அரைமணிக்கொரு முறை பார்த்துத் திருப்புங்கள். அப்போது கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

10 மணிக்கே சட்டியை உள்ளே வையுங்கள். அரிசி ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், இரண்டு மணி நேரம். பருப்பை ஊறவைத்தே போடுங்கள். இடையில் திறந்தால் சேர்ந்த சூடெல்லாம் போய்விடும், மறுபடி ஏற கால் மணியாவது ஆகும்.

ஆடிக் காற்றுதான் பெரிய எதிரி. செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் காற்று கண்ணாடியைக் குளிரவைத்துவிடும், முகக்கண்ணாடியையும் சாய்த்துவிடும். மேற்கே சுவர் இருக்கும் முற்றம் நல்லது. நிழல் விழாத அளவு தள்ளி வையுங்கள். பனைமட்டைத் தட்டி கட்டினாலும் போதும். மேகம் மூடிய நாளில் பாதி வெந்த சோற்றைப் பெட்டியிலேயே விட்டுவைக்காதீர்கள், கெட்டுவிடும். உடனே அடுப்புக்கு மாற்றுங்கள்.