பல்லின் கழுத்தைத் தேய்த்துவிடாதீர்கள்

மட்டக்களப்பில் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு குளிர்ந்த எருமைத் தயிரை வாயில் வைத்ததும் பல் சுரீர் என்கிறதா? சூத்தை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பல் ஈறோடு சேரும் இடத்தில், அதாவது பல்லின் கழுத்தில், நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் தேய்வும் காரணமாக இருக்கலாம்.

கடிக்கும் முனையில் 2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கும் எனாமல் என்ற கடினமான வெளியுறை, கழுத்துக்கு வரும்போது கத்தி விளிம்புபோல் மெலிந்து முடிகிறது. அதற்குக் கீழே வேரை மூடுவது சிமெண்டம். அங்கே அது மிக மெல்லிய படலம், எனாமலைவிட மென்மையானதும்கூட. பெரும்பாலும் சிமெண்டம் எனாமல் விளிம்பின்மேல் சற்று ஏறிக் கிடக்கும், அல்லது முட்டி நிற்கும். ஏறத்தாழ 10 சதவீதப் பற்களில் இரண்டும் சேராமல், அடியில் இருக்கும் டென்டின் என்ற உட்பகுதி தெரியும். ஈறும் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம்! டென்டினின் நுண்குழாய்களில் உள்ள திரவம் குளிரில் அசைவதுதான் அந்தச் சுரீர்.

ஆகவே உமிக்கரி, உப்புத்தூள் போட்டுக் குறுக்கே அரக்குவதை விடுங்கள். வெள்ளையாகும் என்பார்கள், தேய்வதுதான் மிச்சம். மென்மையான பிரஷை ஈறுப் பக்கம் சாய்த்து, அழுத்தாமல் சிறு வட்டங்களாகத் தீட்டுங்கள். தேசிக்காய்த் தண்ணீர், சோடா குடித்தால் அரை மணி நேரம் பொறுத்துத் தீட்டலாம். புளோரைட் பற்பசை நல்லது. கூச்சம் சில கிழமைகளில் குறையாவிட்டால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள், பள்ளத்தைப் பல் நிறத்திலேயே அடைத்துவிடுவார்.