யூ மாறியது, லிமிட் மாறவில்லை: இன்வர்ஸ் தொகையிடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம்மின் இரண்டாம் செமஸ்டர் நெருங்கும்போது, சைன் இன்வர்ஸ், டேன் இன்வர்ஸ் வரும் தொகையிடலில், பினாங்கின் ஆறாம் படிவ நோட்டுகளில் இதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சைன் இன்வர்ஸை 1/சைன் என்று எழுதுவதை இங்கே பேசவில்லை. ஒரு முறை திருத்தினால் அது போய்விடும்.

பாதி மாற்றம்

0 முதல் 2/3 வரை, ∫ டிஎக்ஸ் / (4 + 9எக்ஸ்²).

யூ = 3எக்ஸ் என்று எழுதிச் சிவப்புப் பேனாவால் கட்டமும் போடுகிறார்கள். அடுத்த வரியிலேயே டிஎக்ஸ் இருந்த இடத்தில் வெறும் டியூ, மேல் லிமிட்டில் அதே 2/3! மனம் பொறுக்காத இடம் இதுதான், ஏனென்றால் கடினமான பகுதியைப் பிள்ளை சரியாகவே செய்துவிட்டது.

டியூ = 3 டிஎக்ஸ். ஆகவே டிஎக்ஸுக்குப் பதில் டியூ/3 வர வேண்டும். எக்ஸ் 2/3 ஆகும்போது யூ 2 ஆகிறது; லிமிட் 0 முதல் 2 வரை. ∫ டியூ / (ஏ² + யூ²) = (1/ஏ) டேன் இன்வர்ஸ் (யூ/ஏ) என்ற சூத்திரம் தரும் 1/2ஐயும் சேர்த்தால் 1/3 × 1/2 × டேன் இன்வர்ஸ் (யூ/2). மேல் லிமிட்டில் டேன் இன்வர்ஸ் 1, அதாவது π/4. கீழே பூஜ்யம். விடை π/24.

1/3ஐ விட்டால் π/8. 1/2ஐ விட்டால் π/12. 1/3ஐப் போட்டும் பழைய லிமிட்டை விட்டுவைத்தால் சுமார் 0.054. கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் 7.5.

நான்கையும் அரை நிமிடத்தில் பிடிக்கலாம். சார்பின் மதிப்பு 0இல் 1/4, அங்கிருந்து இறங்கி 2/3இல் 1/8. அகலம் 2/3. எனவே விடை 0.083க்கும் 0.167க்கும் நடுவில்தான் இருக்க முடியும். π/24 என்பது 0.131. மற்ற நான்கும் வெளியே நிற்கின்றன. இதைப் பார்க்காமல் தாளைக் கொடுத்துவிடாதீர்கள்.

சைன் இன்வர்ஸுக்கு முன்னால் 1/3

கிடையாது. டிஎக்ஸ்/√(9 − எக்ஸ்²) என்பதில் யூ = எக்ஸ்/3 என்று வைத்தால் மேலே 3 வரும், வேரிலிருந்து கீழேயும் 3 வரும்; இரண்டும் அடிபட்டுப் போகும். டேன் இன்வர்ஸ் தரும் டிஎக்ஸ்/(9 + எக்ஸ்²) என்பதில் வேர் இல்லை, கீழே 9 வருகிறது. அதனால்தான் அங்கே 1/3 மிஞ்சுகிறது.

மேலே ஓர் எக்ஸ் இருந்தால்

எக்ஸ்/(1 + எக்ஸ்²) தருவது மடக்கை, டேன் இன்வர்ஸ் அல்ல. எக்ஸ்/√(1 − எக்ஸ்⁴) என்றால் யூ = எக்ஸ்².

டேன் இன்வர்ஸ் எக்ஸ் தனியாக நின்றால்

பகுதித் தொகையிடல். கீழே 1 + எக்ஸ்² இருந்தால் மட்டுமே யூ = டேன் இன்வர்ஸ் எக்ஸ் என்ற மாற்றம்.